உடைந்த சாஃப்டை ஒட்டுவதற்கு முன் அதன் மூலையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரு சாஃப்ட் (மெசினின் சுழல்தண்டு) உடைந்தால் நடப்பது எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு துண்டையும் கழற்றி டவுனிலுள்ள லேத் கடைக்கு அனுப்புவார்கள். ஒட்ட முடியுமென்றால் ஒட்டி வரும். முடியாவிட்டால் அதே அளவில் புதிதாகக் கடைந்து வரும். கையில் கொஞ்சம் பணமுள்ள நிர்வாகமாக இருந்தால் "இதைவிட நல்ல உருக்கில் செய்யுங்கள்" என்று ஒரு வார்த்தை சேரும். எந்த இடத்தில் உடைந்தது, ஏன் அந்த இடத்தில் என்று யாரும் கேட்பதில்லை. சில வாரத்திலோ சில மாதத்திலோ அதே இடத்தில் மறுபடியும் உடையும். பழி மெசின் ஓட்டியவர் தலையில் விழும்.

பராமரிப்பு வேலையில் இருக்கும் நாங்கள் இந்தக் கடிதத்தில் வலியுறுத்த வருவது ஒன்றைத்தான். சுழலும் சாஃப்டின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உருக்கின் தரமுமல்ல, சாஃப்டின் தடிப்புமல்ல. பெரிய விட்டம் சிறிய விட்டமாகப் படி இறங்கும் அந்த மூலையின் ஆரைதான், அதாவது அந்த மூலை எவ்வளவு வளைவாக இருக்கிறது என்பதுதான். லேத் கடைக்குக் கொடுக்கும் வேலைச்சீட்டில் அந்த ஓர் அளவு எழுதப்படுவதே இல்லை.

படி, துளை, சாவிப்பள்ளம் (புல்லியையோ விசிறியையோ சாஃப்டோடு பூட்டும் சாவிக்கட்டைக்கான பள்ளம்), திருகுப்புரி, வெல்டிங் ஓரம், துருக்குழி, லேத் உளியின் கீறல் ஆகிய எல்லாமே காடிகள்தான், அதாவது பாரம் வந்து குவியும் வெட்டுகள்தான். ஜவுளிக்கடையில் துணியைக் கிழிக்குமுன் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டுப் போடுவார்களே, காடி செய்யும் வேலையும் அதுதான். எவ்வளவு செய்யும் என்பதற்குப் பழைய கணக்குகள் இருக்கின்றன. அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால் துளையின் ஓரத்தில் தகைப்பு (ஒரு சதுர அளவில் விழும் பாரம்) மூன்று மடங்காகும் என்று ஜெர்மன் பொறியியலாளர் கிர்ஷ் 1898இல் காட்டினார். துளை பெரிதோ சிறிதோ, அதே மூன்று மடங்குதான். 1913இல் பிரித்தானியப் பொறியியலாளர் இங்கிலிஸ் நீள்வட்டத் துளைக்குச் சூத்திரம் தந்தார். ஆழத்தை அடி ஆரையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் மடங்கு கிடைக்கும். 2 மில்லிமீற்றர் ஆழமான காடியின் அடி ஆரையும் 2 மில்லிமீற்றர் என்றால் 3 மடங்கு. அதே ஆழத்தில் ஆரை அரை மில்லிமீற்றர் என்றால் 5 மடங்கு. ஆழம் கூடவில்லை, பாரம் கூடவில்லை, மூலை மட்டும் கூர்மையானது.

ஒரு தடவை தாங்கும் பாரம் வேறு, கோடித் தடவை தாங்கும் பாரம் வேறு. சாஃப்ட் சுழலும்போது அதன் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒரு முறை இழுபட்டு ஒரு முறை அழுத்தப்படுகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் சாஃப்ட் மணித்தியாலத்துக்கு 18,000 சுற்று. நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் ஒரு வாரத்துக்குள் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். 1842 மே மாதத்தில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்ட பிறகு பொறியியலாளர்கள் இதைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினார்கள். பின்னர் ஜெர்மனியில் ஓகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து, முறிக்கும் பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமும் திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும் என்றும், கூர்மையான படி அதை இன்னும் விரைவாக்கும் என்றும் நிறுவினார். உலோகக் களைப்பு என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

இனி நம் தொழிற்சாலைக் கணக்குக்கு வருவோம். 75 மில்லிமீற்றர் விட்டமுள்ள சாஃப்ட், 90இலிருந்து 75க்குப் படி இறங்குகிறது. படியிலிருந்து அரை மீற்றர் வெளியே புல்லி. பெல்ட் அதை 7 கிலோநியூட்டன், அதாவது 700 கிலோவுக்குச் சற்றுக் கூடிய பாரத்தோடு இழுக்கிறது. படியில் வளைதிருப்பம் (இழுவையை நீட்டத்தால் பெருக்கிய எண்) 3,500 நியூட்டன்-மீற்றர். விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பையால் (π) பெருக்கி 32ஆல் வகுத்த எண்ணால் இதை வகுத்தால் 85 மெகாபாஸ்கல் (தகைப்பின் அலகு) தகைப்பு வருகிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஈஎன் 8 உருக்கின் இழுவலிமை 600 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். 600க்கு முன்னால் 85 என்ன பெரிதா என்று எண்ணித்தான் மேலே பேசாமல் விடுகிறார்கள்.

600 என்பது ஒரு தடவை இழுத்து முறிக்கும் எண். கோடித் தடவைக்கு உருக்கின் களைப்பு எல்லை ஏறத்தாழ அதில் பாதி, 300. அதுவும் மினுக்கிய சிறு மாதிரிக்கு. லேத்தில் கடைந்த மேற்பரப்புக்கு 0.83, 75 மில்லிமீற்றர் பருமனுக்கு 0.77 என்று பெருக்கினால் 190. இது சராசரி எண். இந்தத் தகைப்பில் ஓடும் சாஃப்டுகளில் பாதி உடையும். நூற்றில் தொண்ணூற்றொன்பது உடையாமல் இருக்க வேண்டுமென்றால் இன்னொரு 0.81; மிஞ்சுவது 155 மெகாபாஸ்கல்.

இப்போது மூலை. ஆரை அரை மில்லிமீற்றர் என்றால் அந்தப் படியின் தகைப்புச் செறிவு 2.9 மடங்கு. மென்மையான உருக்கு இந்த மடங்கை முழுதாக உணராது. ஈஎன் 8 அரை மில்லிமீற்றர் மூலையில், ஒன்றுக்கு மேலுள்ள 1.9இல் 68 சதவீதத்தைத்தான் உணரும். ஆகவே களைப்புக் கணக்கில் எடுக்க வேண்டிய மடங்கு 2.3. அதை 85ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 195. தாங்கக்கூடியது 155. சாஃப்ட் உடையும், எப்போது என்பதுதான் கேள்வி.

"நல்ல உருக்கு" போட்டுப் பார்ப்போம். இழுவலிமை 900 உள்ள ஈஎன் 24. விலை பல மடங்கு. அதே வகைத் திருத்தங்களோடு (வலுவான உருக்குக்கு மேற்பரப்புத் திருத்தம் மட்டும் 0.74 ஆக இறங்கும்) அதன் களைப்பு எல்லை 209. ஆனால் வலுவான உருக்கு காடியைக் கூடுதலாக உணரும், மடங்கு 2.54 ஆகிவிடுகிறது, மூலையில் தகைப்பு 216. ஒன்றரை மடங்கு வலுவான உருக்கை வாங்கியும் கணக்கு எல்லைக்கு வெளியேதான் நிற்கிறது. மாறாக, பழைய ஈஎன் 8ஐயே வைத்துக்கொண்டு மூலை ஆரையை 5 மில்லிமீற்றர் ஆக்கினால் செறிவு 1.75, களைப்புக்கு எடுக்க வேண்டியது 1.72, தகைப்பு 146. எல்லைக்குள் வந்துவிட்டது. லேத்தில் கூடுதலாகச் சில நிமிட வேலை, அவ்வளவுதான். இந்தக் கணக்கில் முறுக்கு மாறாமல் இருக்கிறது என்று கொண்டு அதை விட்டிருக்கிறோம். அடிக்கடி நிறுத்தி ஓட்டும் மெசினுக்கு அதையும் சேர்க்க வேண்டும், அப்போது நிலைமை இன்னும் இறுகும். 146க்கும் 155க்கும் இடையிலுள்ள இடைவெளி சிறிதுதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புல்லியைப் பெயாரிங்குக்கு நெருக்கி, நீட்டத்தை அரை மீற்றரிலிருந்து 400 மில்லிமீற்றராகக் குறைத்தாலே தகைப்பு ஐந்திலொரு பங்கு இறங்கும்.

மூலை ஏன் அரை மில்லிமீற்றர் ஆகிறது? லேத்தில் பயன்படும் கார்பைடு முனையின் மூக்கு ஆரை பெரும்பாலும் 0.4 அல்லது 0.8 மில்லிமீற்றர். படத்தில் ஆரை இல்லாவிட்டால் முனையின் மூக்கு எதுவோ அதுவே சாஃப்டின் மூலை. கையால் தீட்டிய உளியென்றால் 0.2 கூட இருக்கலாம். படியைச் செங்குத்தாக முடிக்க வெட்டு உளியை நேராக உள்ளே விட்டால் இன்னும் மோசம், மூலையில் ஒரு சிறு வெட்டுக்கோடும் விழும். லேத்காரர் மேல் குற்றமில்லை. அவரிடம் கேட்டது விட்டமும் நீளமும்தான், அதைச் சரியாகத்தான் செய்து கொடுத்திருக்கிறார்.

பெயாரிங் உட்காரும் படியில் 5 மில்லிமீற்றர் எப்படிப் போடுவது என்ற கேள்வி நியாயமானது. 75 மில்லிமீற்றர் துளையுள்ள 6215 பெயாரிங்கின் உள்மூலை 1.5 மில்லிமீற்றர்தான். சாஃப்டின் ஆரை அதைவிடப் பெரிதானால் பெயாரிங் படியில் அமராமல் ஆரையின் மேல் ஏறி நிற்கும். சாய்ந்து ஓடி அதுவே கெடும். 1.5 மில்லிமீற்றரோடு நின்றால் நம் கணக்கில் தகைப்பு 179, போதாது. வழி, பெயாரிங்குக்கும் படிக்கும் இடையே ஒரு வளையம். வளையத்தின் ஒரு பக்க உள்விளிம்பை 6 மில்லிமீற்றர் சரித்து வெட்டினால் அது 5 மில்லிமீற்றர் ஆரையைத் தாண்டிப் படியில் அமரும். பெயாரிங் வளையத்தின் தட்டைப் பக்கத்தில் அமரும். வளையத்தின் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இதற்கு இடமில்லாத பழைய மெசின்களில் படியின் பெரிய விட்டப் பக்கத்துக்குள் ஆரையைக் குடைந்து வெட்டலாம். எப்படிச் செய்தாலும் கடைசி மினுக்கு எமரித் தாளால் சாஃப்டின் நீளவாக்கில் போக வேண்டும். சுற்றுவாக்கில் தேய்த்தால் வெடிப்பு ஓட வேண்டிய திசையிலேயே கீறல் போட்டுக் கொடுத்தது போலாகும்.

வாட்டும் தொட்டிகளின் விசிறிகளில் உடைவது பெரும்பாலும் சாவிப்பள்ளத்தில். 75 மில்லிமீற்றர் சாஃப்டுக்கு 20க்கு 12 சாவி. பள்ளத்தின் ஆழம் 7.5 மில்லிமீற்றர், அடிமூலை ஆரை 0.4க்கும் 0.6க்கும் இடையில். கூரான அடிமூலையோடு வெட்டிய பள்ளத்தின் முனையிலிருந்து வெடிப்பு கிளம்பும். விரல் போன்ற உளியால் வெட்டும்போது பள்ளத்தின் நுனி செங்குத்துச் சுவராக முடிகிறது. தட்டு வடிவ வெட்டியால் வெட்டினால் நுனி மெதுவாக மேலேறி மறைகிறது. வளைவைப் பொறுத்தவரை இரண்டாவதே மேல்: முதலாவதின் செறிவு 2.1 என்றால் இதற்கு 1.7. பள்ளம் படிவரை ஓடி அதன் மூலையைத் தொடவே கூடாது, இரண்டு காடி ஒரே இடத்தில் சேர்ந்தால் தப்பிக்க வழியில்லை. சாவி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் பள்ளத்துச் சுவரை அடிக்கும். ஹப்பின் விளிம்பில் செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தால் அங்கே ஹப்பும் சாஃப்டும் ஒன்றையொன்று தேய்க்கின்றன என்று பொருள். துடைத்துவிட்டுப் போகாமல் கழற்றிப் பாருங்கள். விசிறி நின்றால் தொட்டியிலுள்ள கொழுந்து சூடேறிக் கெடுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தூள் முந்தியே சொல்லிவிடுகிறது.

உடைந்த துண்டை வாசிக்கத் தெரிந்தால் இவ்வளவு ஊகம் தேவையில்லை. முகத்தில் ஒரு பகுதி மழமழவென்று, அலை ஒதுங்கிய கடற்கரை மணலின் கோடுகளைப் போன்ற வளைகோடுகளோடு இருக்கும். மற்றப் பகுதி சொரசொரவென்று மணிமணியாக இருக்கும். மழமழப்பு நாட்கணக்கில் மெதுவாக வளர்ந்த வெடிப்பு, சொரசொரப்பு கடைசி நொடியில் முறிந்தது. வளைகோடுகளின் மையத்தை நோக்கிப் போனால் வெடிப்பு தொடங்கிய புள்ளியில் நிற்பீர்கள். சொரசொரப்பு முகத்தில் கால்வாசிக்கும் குறைவு என்றால் பாரம் அதிகமில்லை, காடிதான் குற்றவாளி. பாதிக்கு மேல் என்றால் பாரமும் கூடுதல். சுற்றளவைச் சுற்றிச் சின்னச் சின்னப் படிக்கட்டுப் போன்ற தடங்கள் இருந்தால் ஒரே நேரத்தில் பல இடத்தில் வெடிப்பு தொடங்கியிருக்கிறது. அது கூர்மையான மூலையின் கையெழுத்து. முகம் சாஃப்டின் நீளத்துக்கு 45 பாகையில் திருகிக் கிடந்தால் வளைவல்ல, மாறும் முறுக்கு.

இதைப் படிக்க முகம் கெடாமல் இருக்க வேண்டும். பொருந்துகிறதா என்று இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காதீர்கள், கம்பிப் பிரஷ் போடாதீர்கள். மூடுபனியும் மழையுமான நம் பகுதிகளில் திறந்து கிடக்கும் உடைவுமுகம் ஒரே இரவில் செந்துருப் பிடித்துவிடும். உடைந்த உடனே கைபேசியில் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து, துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, மெல்லிதாக எண்ணெய் பூசி, பொலித்தீனில் சுற்றி வையுங்கள். காரணம் தெரியும்வரை பழைய இரும்புக்காரருக்குப் போடக் கூடாது.

அடுத்து ஒட்டு. இதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. ஈஎன் 8இல் கரி 0.4 சதவீதம். சூடாக்காமல் வெல்டிங் செய்தால் ஒட்டுக்குப் பக்கத்து உருக்கு சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் கடினமாகிறது. ஈரம் குடித்த குச்சியிலிருந்து ஐதரசன் அதற்குள் புகுந்து, செய்து முடித்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உள்ளே வெடிக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் காற்றில் திறந்து வைத்த குச்சிப் பெட்டி எவ்வளவு ஈரம் குடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேல், இரண்டு முனையையும் சரித்து வெட்டி ஓரத்தை மட்டும் ஒட்டி, நடுவில் ஒட்டாத பகுதியை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒட்டாத விளிம்பு ஆரையே இல்லாத காடி. சர்வதேச வெல்டிங் வடிவமைப்பு முறைகளில் இப்படி அரைகுறையாக ஊடுருவிய ஒட்டின் வேருக்கு இருபது இலட்சம் தடவைக்கு அனுமதிக்கும் தகைப்பு வீச்சு 36 மெகாபாஸ்கல். நம் சாஃப்டில் இழுவையிலிருந்து அழுத்தம்வரை வீச்சு 170. ஒட்டுக்குள் மிஞ்சியிருக்கும் இழுவையால் அழுத்தப் பாதியும் கணக்கில் சேரும். வீச்சு இரட்டித்தால் ஆயுள் எட்டிலொன்று என்ற விதிப்படி வடிவமைப்பு ஆயுள் 19,000 சுற்று. நிமிடத்துக்கு 300 சுற்றில் அது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. இது பாதுகாப்புக்கான எண், நிஜத்தில் இதன் பல மடங்கு ஓடலாம். ஒட்டிய சாஃப்ட் சில வாரம் ஓடுவது அதனால்தான். அந்தச் சில வாரமே "ஒட்டு நன்றாக நிற்கிறது" என்ற நம்பிக்கையைத் தந்துவிடுகிறது.

புதிது வரும்வரை ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் 200 பாகை செல்சியஸ் அளவுக்கு முன்சூடு, 300 முதல் 350 பாகையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் உலர்த்திய 7018 குச்சி, நடுவரை முழு ஊடுருவல், முடிந்ததும் காய்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுதல், இரண்டு நாள் கழித்து வெடிப்புச் சோதனை ஆகிய எல்லாமே வேண்டும். சாதாரணக் கதவுக்கும் கம்பி வேலிக்கும் பயன்படும் 6013 குச்சி இதற்குச் சரிவராது. குச்சி பற்றுகிறதா என்று சாஃப்டின் மேல் தட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் கடினமான ஒரு குட்டிக் காடி.

வெடிப்புச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். சிவப்புச் சாயம், துப்புரவாக்கி, வெள்ளை மாவு என்று மூன்று தெளிப்புக் குப்பிகள். கிறீஸையும் வண்ணப்பூச்சையும் முழுதாக நீக்கி, உலர்த்தி, சாயத்தைப் பூசிப் பத்து முதல் இருபது நிமிடம் விடுங்கள். குளிர்காலக் காலைகளில் உலோகம் பத்துப் பாகைக்குக் கீழே இருக்கலாம். அப்போது சாயம் உள்ளே இறங்காது, உலோகத்தைக் கொஞ்சம் சூடேற்றிக்கொள்ளுங்கள். துப்புரவாக்கியைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். நேராக உலோகத்தில் தெளித்தால் வெடிப்புக்குள் போன சாயமும் கழுவுண்டு போகும். இந்த இடத்தில்தான் பலரும் தவறி, நல்ல சாஃப்ட் என்று சான்று கொடுத்துவிடுகிறார்கள். பிறகு மாவை மெல்லிதாகத் தெளித்துப் பத்து நிமிடம் பார்த்திருங்கள். வெடிப்பு நேரிய சிவப்புக் கோடாகக் கசியும்.

வெடிப்பு கண்டால் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கும் கணக்குண்டு. தகைப்பை வெடிப்பு ஆழத்தின் வர்க்கமூலத்தோடு பெருக்கி வரும் எண் ஓர் எல்லையைத் தாண்டினால் வெடிப்பு வளரும், இன்னோர் எல்லையைத் தொட்டால் ஒரே அடியாக முறியும். நம் 85 மெகாபாஸ்கல் சாஃப்டில் மூலைக்கு அப்பாலுள்ள சமதளத்தில்கூட ஒரு மில்லிமீற்றர் சொச்சம் ஆழமான வெடிப்பு வளரத் தொடங்கிவிடும். ஆனாலும் ஈஎன் 8 போன்ற உருக்கு விட்டுக்கொடுக்கும் இயல்புள்ளது. குறுக்குவெட்டின் பெரும்பகுதி போகும்வரை தாங்கும். அதனால் இடையில் கண்டுபிடிக்க நேரமிருக்கிறது. லொறி, பஸ் ஸ்பிரிங் தகடு அப்படியல்ல. கடினமாக்கிய அந்த உருக்கு 700 மெகாபாஸ்கலில் வேலை செய்கிறது. அதன் முறிவுத் தாங்குதிறனை 50 (மெகாபாஸ்கலை மீற்றரின் வர்க்கமூலத்தால் பெருக்கிய அலகில்) என்று எடுத்தால் 1.3 மில்லிமீற்றர் ஆழமான வெடிப்பே முறிவுக்குப் போதும். தகட்டில் வெடிப்பைத் தேடிக் கண்டுபிடித்துக் காப்பாற்றலாம் என்று எண்ண இடமில்லை. வெடிப்பு வராமல்தான் காக்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் பிரதான தகடு நடு போல்ட் துளையில் முறிவதைப் பார்த்து "தகடு சரியில்லை" என்கிறார்கள். தகடுகளை அச்சோடு கட்டும் யு-போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தால் நடுப்பகுதி வளையவே வளையாது, அந்தத் துளையில் தகைப்பு அற்பம். யு-போல்ட் தளர்ந்ததும் நடுப்பகுதியும் வளையத் தொடங்கும், துளையின் காடி உயிர்பெறும். தகடு மாற்றிச் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும், பாரத்தோடு வண்டி நிற்கையில் யு-போல்ட்டை மீண்டும் இறுக்குவது இதற்காகத்தான். கினிகத்தேனைக்கும் இறம்பொடைக்கும் ஏறி இறங்கும் வண்டிகளில் இதை ஒரு விதியாகவே வைக்க வேண்டும்.

செசியின் (வண்டியின் அடிச்சட்டம்) மேல், கீழ் உதடுகளில் துளை போடுவதும், உதட்டின் குறுக்கே வெல்டிங் போடுவதும் இதே வகைத் தவறு. வளைதகைப்பு உச்சத்தில் இருக்கும் இடம் உதடு. நடுச்சுவரின் மையத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. துளை வேண்டுமென்றால் நடுச்சுவரில், ட்ரில்லால், விளிம்பை மழுக்கி. வாயுச் சுடரால் ஓட்டை போட்டால் அதன் பற்பல்லான ஓரம் துளைக்குள் இன்னும் பல காடிகளை வைக்கும். கொழுந்து ஏற்றும் ட்ரெக்டர் பெட்டிகளின் இழுவைக் கண்ணைச் செசியோடு ஒட்டிய இடத்தை மாதத்துக்கொரு முறை கழுவிப் பார்ப்பது ஓட்டுநருக்கே சாத்தியம். வண்ணப்பூச்சில் மயிரிழைக் கோடும் அதிலிருந்து துருக் கசிவும் தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். வெடிப்பின் நுனியில் துளை போட்டு நிறுத்தும் வழக்கம் உண்டு. சாயம் போட்டு உண்மையான நுனியைக் கண்டு, அதற்குச் சற்று அப்பால் துளைத்து மினுக்கினால் சில நாட்கள் கிடைக்கும், நிரந்தரத் தீர்வல்ல.

தோட்டங்களின் தொங்குபாலங்களில் தொங்கு கம்பிகளின் திருகுப்புரிக்கும் இது பொருந்தும். நட்டுக்குள் முதலாவது புரியே ஏறத்தாழ மூன்றிலொரு பங்குப் பாரத்தைச் சுமக்கிறது. கம்பி அங்கேதான் அறும். துருப்பிடித்த உருக்குக்குக் களைப்பு எல்லை என்று ஒன்றே இல்லை, எவ்வளவு சிறிய தகைப்பும் காலப்போக்கில் முறிக்கும். கிறீஸ் பூசுவதை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் வேண்டுகோள் தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்பயிற்சி நிலையங்களிடமும்தான். மரத்தூளும் தேயிலைத் தூசியும் படிந்த மெசினைக் கொழுந்து குறைந்த மாதத்தில் ஒரு நாள் நிறுத்திப் படிகளையும் சாவிப்பள்ளங்களையும் சாயம் போட்டுப் பார்க்க அனுமதியுங்கள். கொழுந்து நிறைந்த மாதத்தில் உடைந்து நிற்பதைவிட அது மலிவு. பயிற்சி நிலையங்களில் லேத் படிக்கும் பிள்ளைகளுக்கு உடைந்த சாஃப்ட் துண்டுகளையே பாடப்பொருளாகத் தமிழில் கற்றுக்கொடுங்கள். ஆரை அளவி ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் தொழிற்சாலைச் சாஃப்டுகளுக்கான மூலை ஆரை அட்டவணையொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் அச்சிட்டுத் தந்தால் ஒவ்வொரு வேலைத்தளச் சுவரிலும் ஒட்டலாம்.

அதுவரை, லேத் கடைக்குப் போகும் அடுத்த வேலைச்சீட்டில் விட்டத்துக்கும் நீளத்துக்கும் கீழே இந்த வரிகளைச் சேர்த்து எழுதுங்கள்: "படி மூலை ஆரை 5 மில்லிமீற்றர், உளித்தடம் இல்லாமல் நீளவாக்கில் மினுக்க வேண்டும். பெயாரிங் பக்கம் சரித்த வளையம். சாவிப்பள்ள அடிமூலை 0.5 மில்லிமீற்றர், பள்ளம் படியைத் தொடக் கூடாது. வெல்டிங் எங்கும் கூடாது. பழைய துண்டு இரண்டையும் திருப்பித் தரவும்."

இங்ஙனம்,
தேயிலைத் தொழிற்சாலைப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
தலவாக்கலை.